கால்பேக்

அலிபிரி ரோட்டிலுள்ள அந்த ஆபீஸுக்கு அவசரமாகப் பத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழைய இன்டர்வியூ ஃபைலைப் பிரித்துக் கொடுக்க, பெங்களூர் கம்பெனி ஒன்று யமுனாவை அனுப்பியிருந்தது.

"தொள்ளாயிரம் பேரு ஒரே எக்ஸ்.எம்.எல். ஃபைல்ல கெடக்கறாங்கம்மா," என்றார் மேனேஜர் சைமன். "'நாங்களே கூப்பிடுறோம்'னு சொல்லி அனுப்பனவங்களை மட்டும் எடு. மார்க்கும் போன் நம்பரும் போதும். பேரைப் பார்த்தா சிபாரிசு வந்துடும். எத்தினி நாள் தேடிக்கினு இருப்பே?"

"தேடவே வேணாம் சார். இந்த ஸ்கிரிப்ட், குட்டி புரோகிராமு, ஃபைலை மேலேர்ந்து படிச்சிக்கினே போவும். மார்க்குன்னு டேக் வந்ததும், நான் எழுதி வெச்ச ஃபங்ஷனை அதுவே கூப்பிடும். 'கால்பேக்'னு பேரு."

"சொன்னபடி கூப்பிடுமா?"

"கட்டாயம் கூப்பிடும். அது மெஷினு சார், மேனேஜர் இல்ல."

சைமன் சிரித்தார்.

பத்தே நிமிடத்தில் பட்டியல் வந்தது. முதல் நம்பருக்குத் தொண்ணூற்றேழு மார்க்.

"அடேயப்பா! இந்த ஆளையா ரெண்டு வருஷமா கூப்பிடாம வுட்டோம்?" என்றபடி சைமன் உடனே டயல் செய்தார்.

யமுனாவின் கைப்பைக்குள் செல்போன் அடித்தது.

ரிசீவரும் கையுமாக அவர் விழிக்க, யமுனா போனை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"நாங்களே கூப்பிடுறோம் சார்."