மூணாம் புலி

நீங்களே சொல்லுங்க, ராகி நாத்து தண்ணியில்லாமல் காயும்போது, கட்டின புருசன் கல்லுமேல் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தால் எந்தப் பொம்பளைக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

மாடு கட்டுத்தரையில் நிற்கிறது. கிணற்றில் தண்ணி கிடக்கிறது. மாட்டைப் பூட்டிக் கவலை இறைக்க வேண்டிய மனுசனுக்கு மட்டும் கவலையே இல்லை! விடிந்தால் காத்தான் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அந்த அண்ணனாவது போன மாசம் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர், வேலை ஓடாது. இவருக்கு என்ன கேடு? சேந்தமங்கலம் சந்தைக்குப் போகிறவர்களெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே போனேன்.

"ஏனுங்க, நாத்து காயுதுங்க."

"இரு புள்ள, ஆட்டம் முடியட்டும்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. உங்க ஆட்டம் என்னைக்குங்க முடிஞ்சுது?"

காத்தான் அண்ணன் நிமிரவே இல்லை. அவருக்குப் புலி, இவருக்கு ஆடு. ரெண்டு புலி அடைபட்டுக் கிடந்தது. மூணாம் புலிக்கு ஒரே வழி. பக்கத்திலேயே ஆடு நிற்கிறது, நகர்த்தினால் தீர்ந்தது. இவர் விரலோ எங்கேயோ மூலையில் கிடந்த ஆட்டுக்குப் போனது.

"கண்ணு அவிஞ்சா போச்சு? தள்ளுங்க!"

குனிந்து நானே ஆடாக வைத்திருந்த புளியங்கொட்டையை நகர்த்தி வழியை அடைத்தேன்.

"முடிஞ்சுதல்ல? எந்திரிங்க."

காத்தான் அண்ணன் "அவ்வளவுதான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட! வேணும்னுதான் புள்ள ஒரு வழிய உட்டு வெச்சிருந்தேன். பாதி ஆட்டம் நின்னாத்தான், நாளைக்குப் பாக்கலாம்னு அந்த மனுசன் ஒரு வாய் தின்னுட்டுப் படுக்கறாரு. கருமாதி அன்னிக்குக் கெணத்து மேட்டுல நின்னவரக் கையப் புடிச்சு இழுத்தாந்து ஒக்கார வெச்சது நானு!"

திரும்பிப் பார்த்தேன். காத்தான் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

குழந்தையை இவர் மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணா! ஏனுங்கண்ணா! நில்லுங்க! நான் ஆடுனது கள்ளாட்டமுங்க! ஒரு எடம் நகத்தறதுக்கு ரெண்டு எடம் தள்ளிப்போட்டனுங்க. வந்து அந்த ஆட்டப் பழைய எடத்துல வெச்சுக் குடுங்க, சாமி!"