சாட்சிக்கு வந்த அம்மா

"வியாதியா? இவளுக்கா? உடம்பு பூரா சோம்பேறித்தனம் டாக்டர்" என்றாள் அம்மா, நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள்.

பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பது வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. வீட்டில் அவளுக்குப் பெயர் பராக்கு. பெற்ற தாயே வைத்தது.

போன மாதம் ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் படியில் உருண்டு கையை உடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த டாக்டரிடம் வந்தாள். அவர் இரண்டு தடவை மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்.

"ஏ.டி.ஹெச்.டி. மாதிரி தெரியுது. கவனக் குறைபாடு. ஆனா இது சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கணும். அப்போ உங்களைப் பாத்தவங்க யாராவது வந்து சொன்னாத்தான் நான் மருந்து ஆரம்பிக்க முடியும்" என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் வெளிநாட்டில் பெரிய இன்ஜினியர். பாக்கி, கூடவே இருக்கிற அம்மாதான். "பைத்தியத்துக்குப் பாக்கிற டாக்டர்கிட்ட நான் எதுக்குடி வரணும்?" என்று முரண்டு பிடித்தவளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருக்கிறாள். அம்மா ஒழுங்காகச் சொன்னால் மருந்து கிடைக்கும். இல்லாவிட்டால் வேலை போச்சு.

"ஸ்கூல் படிக்கிறப்போ எப்படிம்மா இருந்தாங்க?" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"எப்படி இருந்தா? ரெண்டு செருப்போட போவா, ஒத்தைச் செருப்போட வருவா."

"மறுநாளே கிடைச்சுதும்மா" என்றாள் பராக்கு மெதுவாக.

"கிடைச்சுது. எங்க? வாத்தியார் மேஜைக்கு அடியில. உப்பு வாங்கிட்டு வாடின்னா கடை வாசல்ல நாய்க்குட்டியோட உட்கார்ந்திருப்பா. பரீட்சையில பாதி எழுதிட்டு, மீதி நேரம் ஜன்னல் வழியா காக்கா பாப்பா. அடி வாங்காத நாளில்லை. உறைச்சாத்தானே?"

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?"

"சேச்சே. எங்க பரம்பரையிலேயே கிடையாது. இவ அண்ணனைப் பாருங்க, தங்கம். புஸ்தகத்தைத் திறந்தான்னா இடி விழுந்தாலும் அசைய மாட்டான். அதே வயித்துலதான் இதுவும் பொறந்துச்சு."

விவரம் தெரிந்த நாளாகக் கேட்கிற பாட்டு. பராக்குக்கு மனப்பாடம்.

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க சொன்னது ஒண்ணொண்ணும் ஏ.டி.ஹெச்.டி.தாம்மா. சோம்பேறித்தனம் இல்லை, திமிரும் இல்லை. இவங்க மூளை வேலை செய்யற விதம் அப்படி. அப்பவே மருந்து குடுத்திருந்தா இவங்க இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்."

பராக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கின அடி, பாதியில் நின்ற படிப்பு, 'உன்னோட குப்பை கொட்ட என்னால ஆகாது' என்று இரண்டே வருஷத்தில் கிளம்பிப் போன புருஷன். இத்தனைக்கும் ஒரு மருந்து இருந்ததா? சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா என்று புரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து ஏதேதோ சொன்னார்.

 அவ்வளவு நேரம் பொரிந்து தள்ளிய அம்மா, திரும்பி வருகிற வழியெல்லாம் கப்சிப்.

பாவம், பெற்ற மனசு சங்கடப்படுகிறது என்று பராக்குக்கே இரக்கமாகிவிட்டது.

"விடும்மா. அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீ என்ன பண்ணுவே?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மாத்திரையைப் பிரித்தாள். எப்போது போடச் சொன்னார்? அழுத அழுகையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவானேன் என்று தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

அம்மா ஓடிவந்து தடுத்தாள்.

"இப்பப் போடாதடி. விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடப்பே. காலையில போடணும். அதுக்கு முன்னாடி வயிறு நிறைய சாப்பிட்டுடணும், போட்டப்புறம் பசியே எடுக்காது."

"டாக்டர் சொன்னாரா?"

"இதை அவர் வேற சொல்லணுமா? உங்க அண்ணனுக்குக் காலேஜ் முடியிற வரைக்கும் என் கையாலதானே குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பராக்கு டம்ளரைக் கீழே வைத்தாள். கேட்டது சரிதானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"அண்ணனுக்கு இது இருந்துச்சா? அப்போ என்னை ஏம்மா காட்டலை?"

"காட்டாம என்ன. உனக்கு அப்போ ஆறு வயசு, ஞாபகம் இருக்காது. ரெண்டு பேரையும்தான் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு பேருக்கும் மாத்திரை வேணும்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு."

"அப்புறம்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே. அவன் படிச்சு முன்னுக்கு வரவேண்டிய ஆம்பளைப் பிள்ளை. நீ எவனையோ கட்டிக்கிட்டுப் போறவதானே, உனக்கெதுக்குன்னு விட்டுட்டோம்."