தபால்காரர் செத்த இடம்

"இங்கதான் செத்தாரு!" என்று ரேடியோ கையைத் தட்டியதும் பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

நாலு மணி நேர ஏற்றம். புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் தொழில். வயசு ஐம்பத்து நாலு. வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று பட்டப்பெயர்.

கணவாயின் உச்சியில் ஆளுயரத்துக்கு ஒரு கற்குவியல். பக்கத்தில் கூரை போன கல் கொட்டகை. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. பச்சையைப் பார்க்கவா மனுஷன் இத்தனை தூரம் ஏறி வருவான்? அது கீழேயே கிடைக்கிறது. கதை கேட்கத்தான் வருகிறார்கள். கதை போய்விட்டால் இது வெறும் கல், அவள் வெறும் வாய்.

கதையை அவள் நன்றாகவே சொன்னாள்.

ரோடு வருவதற்கு முன்னால், தினமும் தபால் பையைச் சுமந்துகொண்டு இந்தக் கணவாயைத் தாண்டியவர் அந்தத் தபால்காரர். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பேய்மழை, பேய்க்காற்று. பையைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டார். தப்பித்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கடிதம் வெளியே பறந்துவிட்டது. யாரோ யாருக்கோ எழுதினது. அதை எடுக்கத் திரும்பப் போனார் பாருங்கள், அவ்வளவுதான்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக, வாரத்துக்கு மூன்று தடவை அவரை இதே இடத்தில் சாகடிக்கிறாள். ஒரு தடவைகூட அவள் கண் கலங்கியதில்லை.

கூட்டம் கலைந்து போட்டோ எடுக்கப் போனது. ஒருத்தி மட்டும் போகவில்லை. நாற்பது வயசு இருக்கும். மலையேறத் தெரியாதவள் என்பது செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு குதிகாலும் தோலுரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வழியெல்லாம் ஒரு வார்த்தை முனகவில்லை.

அவள் கைபேசியை நீட்டினாள். படத்தில், கம்பளிக் குல்லாய் போட்ட கிழவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாங்க. அந்த மழையில அவர் சாகல. போன வருஷந்தான் போனாரு. கடைசி நாள்லதான் இந்த மலையைப் பத்தியே வாயைத் திறந்தாரு. அவருக்கு இங்க யாராச்சும் இருந்தாங்களா? இருந்தா, கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ரேடியோ படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த நாற்காலி, சொந்தக் குல்லாய், வாய் கொள்ளாத சிரிப்பு! எத்தனை அழகாக, எத்தனை மரியாதையாகச் செத்த மனுஷன்!

ஆனால் அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

கதையில் அவள் யாருக்கும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. மறுநாள் காலையில் தேடி வந்தவர்களில், முதலில் கொட்டகைக்குள் நுழைந்தவள் தபால்காரரின் மனைவி. பை ஆணியில் தொங்கியது. பையின் மேல், அவர் சட்டையில் எப்போதும் இருக்கும் தபால்காரர் பித்தளை வில்லை குத்தியிருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் வில்லையைக் கழற்றிப் பையில் குத்தி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். தபால் சுமப்பவர்களின் வழக்கம் அது. சாகப்போகிற ஆள் எங்கேயாவது ராஜினாமா கொடுப்பானா?

அந்த மனைவி வில்லையைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினாள். அதற்கப்புறம்தான் "ஐயோ" என்று கத்தினாள். ஓடிப்போனவனின் பெண்டாட்டியாக ஊருக்குள் திரும்புவதற்கு அவளுக்கு மனசில்லை. அவர் நினைவாக இந்தக் குவியலுக்கு முதல் கல்லை எடுத்து வைத்தவளும் அவள்தான். வில்லையைப் பார்த்த இன்னொரு ஆள், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு வயசுக் குழந்தை.

வந்தவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"யாரும் இல்லம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அவள் நம்பிவிடுவாள், இறங்கிப் போய்விடுவாள். கல்லும் பிழைக்கும், கதையும் பிழைக்கும், இவ்வளவு காலம் கட்டிக் காத்த மானமும் பிழைக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ரேடியோ அந்தக் குதிகால்களை மறுபடி பார்த்தாள். இந்தக் காலோடு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறாளே, பைத்தியக்காரி.

அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்காரர் கற்குவியல் பக்கமிருந்து குரல் கொடுத்தார். கடைசியில் அவர் உடம்பாவது கிடைத்ததா என்று கேட்டார்.

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். அழுகிறவளின் தோளில் கையைப் போட்டு, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற அதே கணீர்க் குரலில் சொன்னாள்:

"கெடச்சுதுங்க. அந்த மழையில எங்கப்பா சாகல. போன வருஷந்தான் போனாரு. கடைசிவரைக்கும் என் தங்கச்சிதான் கூட இருந்து பாத்துக்கிட்டா."

பன்னிரண்டாவது ஆள் தோளைக் குலுக்கி அழுதுகொண்டிருக்க, மற்ற பதினொரு பேரும் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.