உப்புமூட்டை

"ஏளா செல்லக்கனி, என் முதுகில ஏறு. உன்ன உப்புமூட்டை தூக்கப் போறேன்" என்றாள் கிரேசி டீச்சர்.

நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அது வயதானவர்களுக்கான தண்ணீர்ப் பயிற்சி வகுப்பு. முட்டிவலி, இடுப்புவலி, சர்க்கரை என்று வந்தவர்கள்தான் எல்லோரும். தண்ணீருக்குள் நடப்பார்கள், காலை உதைப்பார்கள், மிச்ச நேரத்தில் மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். உப்புமூட்டை தூக்குவதற்கென்று யாரும் இதுவரை வந்ததில்லை.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

செல்லக்கனிக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் இரும்புக்கடைக்காரர் மனைவி. உடம்பும் கொஞ்சம் தாராளம்தான். கடையின் பெயர் அச்சடித்த பனியன் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"என் கனம் தெரியாமப் பேசுதிய டீச்சர்."

ஆனாலும் அவளால் மறுக்க முடியவில்லை. டீச்சரின் சங்கதி வகுப்பு முழுக்கத் தெரியும்.

டீச்சர் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கிச் சுமப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். பிள்ளை வளர வளரக் கனக்கத்தானே செய்யும்? அவளுக்கோ எழுபது நெருங்குகிறது, முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. போன மாதம் தூக்கும்போது கை நழுவி, பிள்ளையின் நெற்றியில் தையல் போடவேண்டி வந்தது.

அதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து தம்பி போன் செய்தான்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாரேன்க்கா. என் கண்ணு முன்னால நீ ஒத்தையில பிள்ளையத் தூக்கிக் காட்டு. தூக்கிட்டேன்னா உங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா விடுதியில கொண்டு விட்டுருவேன்."

இதைக் கேட்டு செல்லக்கனி அன்றைக்கே கண் கலங்கினாள். அந்தத் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தாள். பிள்ளையை விடுதியில் தள்ள எந்தப் பாவிக்கு மனசு வரும்?

இன்று சனிக்கிழமை.

செல்லக்கனி டீச்சரின் தோளைப் பிடித்து முதுகில் தொற்றினாள். டீச்சர் குனிந்து, கைகளைப் பின்னால் கொடுத்து அவள் தொடைகளை அணைத்துக்கொண்டாள். பிறகு நடந்தாள்.

தண்ணீருக்குள் செல்லக்கனி ஒரு தலையணை கனம்கூட இல்லை.

எதிர்ச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள் டீச்சர். பெண்கள் கை தட்டினார்கள். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அதுவும் தனக்காகத்தான் என்று டீச்சருக்குத் தோன்றியது. இத்தனை மாதங்களில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அத்தோடு இறக்கி விட்டிருக்கலாம்.

ஆனால் தம்பி வரப்போவது வீட்டுக்கு. வீட்டில் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய காரியம். அங்கே யார் குளத்தைக் கொண்டுவந்து வைப்பது?

டீச்சர் படிக்கட்டை நோக்கித் திரும்பினாள்.

முதல் படியில் தண்ணீர் தொடைக்கு இறங்கியது. செல்லக்கனி மாவு மூட்டையானாள். அடுத்த படியில் தண்ணீர் முட்டிக்கு வந்தது. செல்லக்கனி செல்லக்கனியாகவே ஆனாள்.

"டீச்சர், இறக்கி விடுங்க!" என்று கரையிலிருந்து கத்தினாள் பயிற்சியாளர் செல்வராணி.

டீச்சர் இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள். முட்டி மடங்கியது. இரண்டு பேரும் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தார்கள்.

செல்லக்கனி தண்ணீர் குடித்து, இருமி, கண் சிவந்து எழுந்தாள். செல்வராணி குளத்தில் இறங்கி டீச்சரைத் தூக்கி நிறுத்தினாள். அவளுக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள தூக்குறதெல்லாம் தூக்குறதா டீச்சர்? கனத்தைச் சுமக்கிறது நீங்க இல்ல, தண்ணி."

அது டீச்சருக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள்தான்.

"இன்னொரு தடவ ஏறு" என்றாள் செல்லக்கனியிடம். "ஒரே ஒரு தடவ."

சொல்லும்போதே உதடு கோணியது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள். முகமெல்லாம் குளத்துத் தண்ணீராக இருந்தும் அது அழுகைதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

செல்லக்கனி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர் இது? என்னயவே அங்கன வரைக்கும் சுமந்துட்டிய. பச்சப்பிள்ள என் கனமா இருக்கப் போகுது? பூ மாதிரித் தூக்கிருவிய."

டீச்சர் இல்லை என்று தலையாட்டினாள்.

"அதுக்குத்தாம்ளா உன்னக் கூப்பிட்டேன். உன் கனம்தான் இருப்பான்."

செல்லக்கனிக்குப் புரியவில்லை. குண்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் படியேறினாள். மேலே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் கிளம்புதேன். தம்பி வாரதுக்குள்ள பிள்ளைக்குச் சவரம் பண்ணி விடணும். தாடியில நரை தெரிஞ்சா அதையும் சொல்லிக் காட்டுவான்."