சோளவயல் றோட்டில்

கனடாவில், ஒஷாவா நகருக்கு வடக்கே, சோளவயல்களுக்கு நடுவே நீளும் சரளைக்கல் றோட்டில் ஞாயிற்றுக்கிழமை வெயில் கொதிக்கிறது. "மெதுவா ஓடுங்கோ, பயமாக் கிடக்கு" என்று செரீனா பின்னாலிருந்து அவன் முதுகில் தட்டிக் கேட்டதற்காக, அவள் கணவன் அன்ரன் மோட்டார்சைக்கிளை நிறுத்தி அவளை இறக்கிவிட்டிருக்கிறான். "பயமெண்டால் நடந்து வாரும்." ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் புழுதிக்குள் நடக்கிறாள். கிட்ட வந்து பின்சீற்றில் கை வைக்கும்போதெல்லாம் எஞ்சின் உறுமுகிறது. வண்டி கொஞ்சத் தூரம் தள்ளிப்போய் நிற்கிறது. பக்கக் கண்ணாடியில் அவன் சிரிப்பது தெரிகிறது. எதிரே வந்த பிக்கப் வாகனம் ஒன்று வேகத்தைக் குறைக்கிறது. ஓட்டிவந்த வெள்ளைக்காரி தலையை நீட்டி, ஏதும் உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். செரீனா திரும்பி அன்ரனைப் பார்க்கிறாள். பிறகு, தாங்கள் சும்மா விளையாடுவதாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பிக்கப் மறையும்வரை அன்ரன் பொறுமையாகக் காத்திருக்கிறான். அவள் கிட்ட வருகிறாள். எஞ்சின் உறுமுகிறது.