நடு இருக்கை

சனிக்கிழமை தவறாமல் எங்கள் டிவி கடைக்கு வந்துவிடுவார் அவர். பின்பக்கமிருந்து படம் விழும் பெரிய புரொஜெக்‌ஷன் டிவிக்கு நேராக, சோபாவின் நடுவில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த சிடியை நீட்டுவார். உறை முழுக்கக் கிரேயான் கிறுக்கல்.

படத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சிறுமி சைக்கிள் பழகுவாள். மூன்றே நிமிடம்.

“கலர் எப்படி சார்?”

“இன்னொரு தடவை போடுங்க தம்பி.”

இரண்டு மாதமாக இதே பாட்டு. இன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஹோம் தியேட்டர்னா வீட்ல அவங்களுக்கும் பிடிக்கணும் சார். ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேண்டாம் தம்பி. பாப்பா தவறி ஒரு வருஷமாகுது. இதைப் பார்த்தா அவ அம்மா தாங்க மாட்டா. பீரோவுல இருந்து தெரியாமத்தான் எடுத்துட்டு வர்றேன். டிவி வாங்கற எண்ணமெல்லாம் இல்ல. மன்னிச்சுக்கங்க.”

சிடியை எடுத்து உறைக்குள் போட்டேன்.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஓர் அம்மா வருவார். அதே சோபா, அதே கிறுக்கல் உறை. “நான் வந்தது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்ப்பா” என்பார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பரிசு வாங்கப் பார்க்கிறார்கள் என்றல்லவா இதுவரை நினைத்திருந்தேன்!

“வர்ற புதன்கிழமை மூணு மணிக்கு வாங்க சார். இதைவிடப் பெரிசு ஒண்ணு வருது.”

“சிடி?”

“கொண்டுவர வேண்டாம். இங்கேயே இருக்கும்.”

பெரிசு வருவதாகச் சொன்னது பொய். இதே டிவிதான். பக்கவாட்டில் பார்த்தால் படம் மங்கிவிடும். இரண்டு பேர் பார்ப்பதென்றால் ஒட்டித்தான் உட்கார வேண்டும்.