ஒரு மூடிக்கே சாயுறவன்

நாங்கள் குடியிருக்கும் கீழ் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பட்டப்பகல்.

மாடி ரூம் காலேஜ் பசங்க மூணு பேர், நாலாவது ஆளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

"இன்னிக்கும் மூடிதானா?" என்றார் வீட்டுக்காரம்மா.

பாட்டில் மூடியில் ஊற்றிக் குடித்தாலே சாய்ந்துவிடுவான் என்று கூட்டாளிகள் வைத்த பேர் அது.

"பார்ட்டின்னு போனாலே இவனைச் சுமக்கிறதே பொழைப்பாப் போச்சு ஆன்ட்டி," என்றான் நெட்டையன். "எங்களுக்கெல்லாம் ஒண்ணுமே ஆகலை. நான் கோடு போட்ட மாதிரி பைக் ஓட்டிட்டு வந்திருப்பேன். இவனைப் பின்னாடி உட்கார வச்சா சரியுறான். விட்டுட்டும் வர முடியல. அதான் பைக்கை எல்லாம் அங்கேயே போட்டுட்டு கார் பிடிச்சோம்."

சொல்லிக்கொண்டே, தன் செருப்பு என்று நினைத்து என் மகளின் குட்டிச் செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தான்.

மூடியை என் வாசல்படி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மூணு பேரும் கைப்பிடியைத் தேடித் தேடிப் பிடித்து மாடி ஏறினார்கள்.

வீட்டுக்காரம்மா தள்ளி நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அதுங்க மூணும் தங்கம். நீ இந்த மாசத்தோட காலி பண்ணிடுப்பா. குழந்தை நடமாடுற வீடு."

"ச... சரி ஆன்ட்டி." குழறினான்.

அவர் உள்ளே போய்விட்டார். என் மகள் அதற்குள் தத்தித் தத்தி நடந்து அவன் பக்கத்தில் போய்விட்டாள். பதறி ஓடினேன்.

"அக்கா, பாப்பா கையில ஊக்கு இருக்கு. திறந்திருக்கு. மெதுவா வாங்குங்க."

குரலில் குழறல் இல்லை. ஊக்கை வாங்கக் குனிந்தேன். வாடையும் இல்லை.

"தம்பி... நீ குடிக்கலையா?"

"பழக்கமே இல்லைக்கா."

"வாயில வாடை இல்லையே, அவங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாரும் குடிச்சிருக்கும்போது என் வாயை எவன் மோந்து பார்க்கப் போறான்?"

"அப்புறம் எதுக்குப்பா இந்தக் கூத்து?"

"சொல்லிப் பார்த்துட்டேன்க்கா. பைக் சாவியை ஒளிச்சும் பார்த்தேன். அடிதடிதான் ஆச்சு. தனக்கு ஏறிடுச்சுன்னு எவனும் ஒத்துக்க மாட்டான். அடுத்தவனுக்கு ஏறிடுச்சுன்னா உடனே நம்புவானுங்க."

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"வீட்டுக்காரம்மாகிட்ட நான் சொல்றேன் தம்பி. உன்னைப் போகச் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம்க்கா. அவங்க வாயில நிக்காது. இவனுங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவை பைக்லதான் வருவானுங்க."

மாடிப்படியில் யாரோ தடுமாறி இறங்கும் சத்தம். அவன் தலை தொங்கிப்போனது. தரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்.

"ரூம் வேற கிடைக்கும்க்கா. இவனுங்க கிடைக்க மாட்டானுங்க."